கை தூக்கியவர்கள்

பிராகிலிருந்து ரயிலேறி வந்த யித்கா அந்தப் பழைய மடாலயத்தை அடைந்தபோது காலை பத்து மணி. பனி விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. மாவட்ட ஆவணக் காப்பகம் இப்போது அங்கேதான் இயங்கியது. காவலாளி வோண்ட்ரா மாடி அறையைத் திறந்துவிட்டார்.

“குளிரும், தோழர். கோட்டைக் கழட்டாதீங்க.”

நகரத்தின் புதிய வரலாற்றை எழுதச் சொல்லிக் கட்சி அவளை அனுப்பியிருந்தது. ஐம்பத்து மூன்றாம் ஆண்டு ஜூனில் ஆலை வாசலில் ராணுவம் சுட்டதும், ஒன்பது பேர் செத்ததும் அதில் வரக் கூடாது. அந்த ஒன்பது பேரையும் வீடு வீடாகப் போய் விசாரித்து எழுதியவர் அவளுடைய பேராசிரியர் பிளாஹா. அவரைப் பதவியிலிருந்து தூக்குவதற்காகக் கூடிய கூட்டத்தில் அவளும் கை தூக்கினாள். பிறகு அவரை இதே கட்டடத்தின் நிலவறையில், கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட வைத்தார்கள். அவருடைய குறிப்புகளையும் அவர் கையாலேயே அதில் போட வைத்தார்கள்.

அந்தக் குளிர்காலத்தை அவர் தாண்டவில்லை.

யித்கா தட்டச்சு செய்தாள்: ‘அந்த ஜூனில் நகரம் அமைதியாக இருந்தது.’

காகிதம் கருகும் வாடை வந்தது.

நிலவறைக் கொதிகலனிலிருந்து சுவரோரம் ஏறிவந்த வெப்பக் குழாய்க்குள் யாரோ இருமினார்கள். அடியில் எங்கோ மண்வாரி தரையில் உரசியது. நின்றது. மறுபடி உரசியது.

குழாயைத் தொட்டாள். கை சுட்டது.

கீழே ஓடினாள். “கொதிகலன்ல யாரு?”

வோண்ட்ராவின் முகம் வெளிறியது. “அவர் போனப்புறம் அதைப் பத்தவைக்கவே இல்லையே. பூட்டிக் கிடக்கு. குழாய் சுடுதுன்னுதான் உங்களுக்கு முன்னாடி வந்தவரும் ஓடினார்.”

கைப்பை மேலே இருந்தது. எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று ஏறினாள்.

“உட்காரு. எழுதிக்கோ.”

குழாய்க்குள்ளிருந்து, வகுப்பில் கேட்ட அதே குரல். ஒரு பெயர், வயது, வேலை. அவள் அடித்து முடிக்கும்வரை பொறுத்து, அடுத்தது. ஒன்பதும் தாளில் ஏறின.

“பத்தாவது, ஒட்டகார் பிளாஹா. ஐம்பத்தெட்டு. கரி அள்ளுறவன்.”

“சார்...”

“இப்போ கை தூக்கினவங்க பேரு.”

விரல்கள் நின்றன.

“உன் பேருல இருந்து ஆரம்பி.”

தாளை உருவிக் கசக்கிப் பையில் திணித்தாள். பனியில் விழுந்தடித்து நிலையத்துக்கு ஓடினாள். ரயில் கிளம்பி, ஊர் கண்ணிலிருந்து மறைந்த பிறகுதான் மூச்சு வந்தது.

எதிரே முட்டைக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் தலையைக் குனிந்து, இருக்கைக்கு அடியில் ஓடிய வெப்பக் குழாயில் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

“யித்காங்கிறது நீங்களாம்மா? கூப்பிடுறாங்க.”