கூடுதலாய் இருபத்தொரு வினாடி

மதியம் மூன்று மணிக்கு நகலெடுத்து முடிந்தபோது, பழைய டிஸ்க்கிலிருந்து கிளம்பியது தொள்ளாயிரத்து முப்பத்தொரு ஜிபி. புது டிஸ்க்கில் போய்ச் சேர்ந்தது தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு.

நிர்மலுக்கு அது பிடிக்கவில்லை. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில், நில அளவைப் பிரிவில், பதினாறு வருஷமாகக் குப்பை கொட்டுகிறவன் அவன். ஒரு நிலத்தில் அரை சென்ட் குறைந்தால் பதறமாட்டான். அளக்கிற சங்கிலி தொய்ந்திருக்கும், பிடித்தவன் கொட்டாவி விட்டிருப்பான். அரை சென்ட் கூடினால்தான் முதலிலிருந்து மறுபடி அளக்கச் சொல்வான். கூடிய இடம் யாருடையதோ என்று இருக்கும்.

டிவிக்குக் கீழே டிபன் பாக்ஸ் அளவில் உட்கார்ந்திருந்தது அந்தக் கறுப்புப் பெட்டி. செல்போனில் எடுக்கிற வீடியோ எல்லாம் தானாக அதற்குள் போய்ச் சேரும். சோபாவில் சாய்ந்துகொண்டு டிவியில் பார்க்கலாம். நிர்மல் அதை சர்வர் என்பான். அவன் மனைவி சுனந்தா "உங்க பரண்" என்பாள். பரண் நிரம்பி இரண்டு மாதமாகிறது. ஆறு வயது மகள் யமுனா ஊஞ்சலில் ஏற மறுக்கும் வீடியோ மட்டும் நாற்பத்தாறு இருந்தன. ஒவ்வொன்றிலும் குழந்தை வேறு வேறு விதமாக மறுக்கிறாள் என்பது அவன் கட்சி. அழிக்க மனசு வராமல், பழையதைப் போல எட்டு மடங்கு பெரிய டிஸ்க்காக வாங்கிவந்து பெட்டியோடு ஒயரில் கோத்துவிட்டான்.

பதினொரு வருஷக் குடும்ப வாழ்க்கை முழுவதும் அதில் இருந்தது, அவனைத் தவிர. எடுப்பவன் அவன்தானே. அவன் பங்கு ஒரு இருமல், ஒரு "இங்க பாரு, இங்க பாரு", அவ்வப்போது குறுக்கே வரும் கட்டைவிரல். "போனுக்குப் பின்னாடியே நில்லுங்க. நாளைக்கு யமு உங்க மூஞ்சியைக் கேட்டா அந்தக் கட்டைவிரலைத்தான் காட்டணும்" என்று சுனந்தா ஒருநாள் சொன்னாள். அவன் அதையும் வீடியோ எடுத்து வைத்திருந்தான்.

டிஸ்க் விற்ற செழியனுக்கு போன் போட்டான்.

"செழியா, ஏறினது பதினோரு ஜிபி ஜாஸ்தியா காட்டுதுப்பா."

"கம்மியா காட்டினா போன் பண்ணுங்க சார். ஜாஸ்தினா சாமி குடுத்ததுனு வெச்சிக்குங்க."

"விளையாடாதே."

"சத்தியமா சார். பௌர்ணமி அன்னிக்கு கடை வாசல்ல ஒரு லட்சம் பேர் நடக்கறான், ஒருத்தனும் ஒரு பென்டிரைவ் கூட வாங்கல. நீங்க ஒருத்தர் வாங்கினீங்க, அதுக்கும் புகாரா?"

போனை வைத்தபின் வீடு சட்டென்று பெரிதாகிவிட்டது போலிருந்தது. சுனந்தாவும் யமுவும் காலையில் கீழ்பென்னாத்தூருக்குப் போயிருந்தார்கள், அவன் மாமியார் வீட்டுக்கு. பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள். சமணக் குடும்பம், இருட்டிவிட்டால் சாப்பாடு கிடையாது. எலுமிச்சை சாதம் கிளறி மூடி வைத்திருந்தான். வெளியே வேலூர் ரோட்டில் மலை சுற்ற வந்தவர்களின் கால் சத்தம், ஆயிரக்கணக்கான வெறுங்கால்கள் தாரில் தேய்கிற சத்தம், ஈரத்துணியை ஓயாமல் இழுப்பது போல ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. அதோடு கற்பூரமும் வேர்வையும் புழுதியும் கலந்த வாசனை. அதற்கெல்லாம் அடியில், புது டிஸ்க் மெதுவாக, எதையோ மெல்வது போல, கிர்ரக், கிர்ரக் என்றது.

நகலெடுத்து முடிந்துவிட்டதே, இன்னும் என்ன எழுதிக்கொண்டிருக்கிறது?

இரண்டு டிஸ்க்குகளின் பட்டியலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டான். யமுவின் நான்காவது பிறந்தநாள் வீடியோ, பழைய டிஸ்க்கில் இரண்டு நிமிஷம் பத்து வினாடி. புதியதில் இரண்டு நிமிஷம் முப்பத்தொன்று.

புதியதை ஓடவிட்டான். அன்றைக்கு அடைமழை, விருந்தாளி யாரும் வரவில்லை. மூன்று பேரும் ஒரு கேக்கும் மட்டும். யமு மெழுகுவத்தியை ஊதினாள், சுனந்தா கைதட்டினாள், அவன் இருமினான், கட்டைவிரல் வந்து மறைத்தது. இரண்டு நிமிஷம் பத்து. அங்கே முடியவேண்டும்.

கட்டைவிரல் விலகியது. படம் ஓடியது.

சுனந்தாவின் சிரிப்பு, வேலை முடிந்ததும் கழற்றி வைப்பது போல, முகத்திலிருந்து இறங்கியது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். யமு க்ரீமை நக்கினாள். அதைப் பார்த்து நிர்மலுக்குக் கொஞ்சம் வெட்கமாகவும், கொஞ்சம் பாசமாகவும் இருந்தது. தான் போனை இறக்கிய பிறகு இவர்கள் எப்படி இருப்பார்கள் என்று அவன் பார்த்ததே இல்லை. இவ்வளவு களைப்பா இவளுக்கு, கேட்டிருக்கலாமே என்று நினைத்தான். அப்போது இடது ஓரத்திலிருந்து, கட்டம் போட்ட லுங்கியில், தொப்பை முன்னால் வர, ஒரு ஆள் நடந்து வந்து கேக்கில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

அவன்தான். கையில் இருந்த போனைச் சட்டைப்பையில் போட்டான்.

படம் ஓடிக்கொண்டிருந்தது.

யமு அவனைப் பார்க்கவில்லை. கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மச்சான் எடுத்திருப்பானோ என்று ஒரு கணம் நினைத்தான். மச்சான் அப்போது துபாயில். நிர்மல் எடுக்கிற வீடியோவில் மாடு மூச்சு விடுவது போல அவன் மூச்சு கேட்டுக்கொண்டே இருக்கும். இந்த இருபத்தொரு வினாடியில் மூச்சே இல்லை. விசிறியின் இறக்கை படத்தின் மேல் விளிம்புக்கு மிக அருகில் சுற்றியது. எடுத்தவர் நிர்மலைவிட ஒரு முழமாவது உயரம்.

இன்னொன்றைப் போட்டான். ஆஸ்பத்திரி, யமு பிறந்த மூன்றாம் நாள். சுனந்தா தூங்கிக்கொண்டிருக்க, அவன் தொட்டிலைப் படம் எடுத்துவிட்டு டீ குடிக்கப் போனது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. படத்தில் அவன் முதுகு கதவைத் தாண்டிப் போனது. கதவு சாத்திக்கொண்டது. கேமரா உள்ளேயே நின்றது. வெகுநேரம் அசையவில்லை. பிறகு தொட்டிலை நோக்கி மெல்ல, மிக மெல்ல, குனிந்தது. குழந்தை கண்ணைத் திறந்தது. சிரித்தது.

மூன்றாம் நாள் குழந்தைக்கு முகம் பார்த்துச் சிரிக்கத் தெரியாது என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது.

பிறந்தநாளுக்குத் திரும்பிப் போனான். இப்போது நான்கு நிமிஷம் ஐம்பது வினாடி.

கிர்ரக். கிர்ரக்.

ஊஞ்சல் வீடியோக்கள் நாற்பத்தாறும் வளர்ந்திருந்தன. நாற்பத்தாறிலும் அவன் அலுத்துப்போய் "சரி விடு, வா" என்று சொல்லிவிட்டுப் போனபின், யமு கேமராவிடம் ஓடி வந்தாள். இரண்டு கையையும் தூக்கினாள். தூக்கி ஊஞ்சலில் உட்கார வைக்கச் சொல்லி.

அடுத்த கணம் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள்.

மணி ஐந்தரை. மலை எப்போதும்போல வெயிலை முன்னதாகவே விழுங்கிவிட்டிருந்தது; ஹாலில் சாம்பல் வெளிச்சம், டிவியின் நீலம். பட்டியலின் உச்சியில் இன்றைய வீடியோ இருந்தது. காலை எட்டு இருபதுக்கு, இருவரும் ஆட்டோ ஏறும்போது வாசலில் நின்று நாற்பது வினாடி எடுத்தது.

இப்போது அதன் நீளம் ஒன்பது மணி நேரம் பத்து நிமிஷம் என்று காட்டியது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்து நிமிஷம் பதினொன்றாகியது.

ரிமோட்டை அழுத்தி ஓட்டினான். ஆட்டோவின் உள்ளே. பஸ்ஸில், ஒரு சீட் பின்னால். மாமியார் வீட்டு முற்றம், காயப்போட்ட வேர்க்கடலை, மாமியார் கேமராவைத் தாண்டிக் கோழியை விரட்டுகிறாள். மதியச் சாப்பாடு. மறுபடி பஸ். பிறகு கூட்டம்.

கூட்டத்துக்கு நடுவே சுனந்தாவின் பச்சைப் புடவை. பக்கத்தில் யமு. இரண்டடி பின்னால் கேமரா. ஜன்னலில் கேட்கும் அதே கால் சத்தம், டிவியிலும். எங்கோ ஒரு ஹாரன் அடித்தது. இரண்டிலும் ஒரே சமயத்தில்.

போன் போட்டான். டிவியில் சுனந்தா நின்றாள். பைக்குள் கைவிட்டுத் துழாவி போனை எடுத்தாள்.

"சொல்லுங்க."

"எங்க இருக்கே?"

"பஸ்ஸை ஊருக்கு வெளியவே நிறுத்திட்டாங்க. ஒரு ஆட்டோ கிடைக்கல. கால் பிஞ்சு போச்சு. இதோ, ரெண்டு தெருதான்."

"உன்கூட யார் வர்றாங்க?"

"யாரா? ஊரே வருது. பௌர்ணமிங்க."

"சுனந்தா, பின்னாடி பாரு."

டிவியில் அவள் திரும்பினாள். நேராக அவன் கண்ணுக்குள் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள். அப்புறம் திரும்பிக்கொண்டாள். "கூட்டம்தாங்க. என்ன ஆச்சு உங்களுக்கு?"

யமு நடந்தபடியே அண்ணாந்து கேமராவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

"யமு யார்கிட்ட பேசறா?"

"அவ பாட்டுக்குப் பேசிட்டு வர்றா. காலையிலேர்ந்தே அப்படித்தான்."

"என்ன பேசறா?"

"உங்ககிட்ட பேசற மாதிரியேதான். 'அப்பா போதும், போனை உள்ள வைங்க'ங்கறா."

"சுனந்தா. குழந்தையைத் தூக்கிக்க. போலீஸ் இருக்கற இடமா போய் நில்லு. வீட்டுக்கு வராதே. நான் வர்றேன், நான்..."

பௌர்ணமிக் கூட்டத்தில் சிக்னல் செத்துப்போனது. டிவியில் சுனந்தா போனை உதறிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டாள். நடந்தாள். அவர்கள் தெரு வந்தது. மூலை மாவு மில். தண்ணி டேங்க். இவ்வளவு வேகமாகவா? அவர்கள் வீட்டு கேட், வெளிப்பக்கத்திலிருந்து.

நிர்மல் பாய்ந்து டிஸ்க்கின் ஒயரைப் பிடுங்கினான்.

டிவி கறுத்தது. மெல்லும் சத்தம் இன்னும் ஒரு சுற்று சுற்றி நின்றது. அவன் தரையில் உட்கார்ந்து, ஒயரைக் கையில் பிடித்தபடி, மாடு மாதிரி மூச்சு விட்டான். முடிந்தது. பதினொரு வருஷமும் போனால் போகட்டும். யமு இருக்கிறாள், அது போதும். புதுசாக எடுத்துக்கொள்ளலாம். இல்லை, எடுக்கவே வேண்டாம். வெறுங்கண்ணால் பார்ப்போம், எல்லா மனுஷனையும் போல.

அப்புறம்தான் உறைத்தது. அது எங்கே நிற்கிறது என்று இதுவரை டிவியில் தெரிந்தது. இனித் தெரியாது.

கேட் கிறீச்சிட்டது. செருப்புச் சத்தம். படியில் ஒரு ஜோடி. சின்னதாக இன்னொரு ஜோடி.

காலிங் பெல் அடித்தது.

கதவுக்கு வெளியே சுனந்தாவின் குரல் கேட்டது. களைப்பாக, செல்லமாக, அவனிடம் மட்டுமே பேசுகிற குரலில்.

"சாவி உங்க பாக்கெட்லதான இருக்குது, எதுக்குங்க பெல் அடிக்கறீங்க?"

நிர்மல் எழுந்தான். கால் தானாக நடந்தது. அந்தப் பக்கம் என்ன நின்றாலும் சரி, அதன் பக்கத்தில் யமு நிற்கிறாள். தாழ்ப்பாளை விலக்கினான். திறந்தான்.

சுனந்தா. பச்சைப் புடவை, நெற்றியில் வேர்வை. பக்கத்தில் யமு. வேறு யாரும் இல்லை. படிக்கட்டு காலி. கேட் வரை காலி.

"யமு," என்றான். "யமு கண்ணு, உள்ள வா."

யமு வரவில்லை. அவளுடைய வலது கை தலைக்கு மேலே செங்குத்தாக நீண்டிருந்தது, ரொம்ப உயரமான ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற குழந்தையைப் போல. விரல்கள் ஒன்றோடொன்று நெருக்கிப் பிடிக்கப்பட்டு, நுனியில் ரத்தம் சுண்டி, வெளுத்திருந்தன.

அவள் நிர்மலை ஏற இறங்கப் பார்த்தாள். பஸ்ஸில் எதிர்ச் சீட்டுக்காரரைப் பார்ப்பது போல. பிறகு தலையை நன்றாக அண்ணாந்து, அந்தக் கைக்கு மேலே, நிலைக்கதவின் உச்சிக்கும் மேலே பார்த்தாள்.

"அப்பா," என்று கேட்டாள், "நம்ம வீட்ல இருக்கறவரு யாரு?"

சுனந்தா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு ஒரு அடி பின்வாங்கினாள். அவளும் மெல்ல முகத்தை உயர்த்தினாள். இருவரும் ஒரே இடத்தைப் பார்த்தபடி பதிலுக்குக் காத்து நின்றார்கள்.