நைட்ரஜன் அறையில் கடைசி மூச்சு

"ஐயோ... அம்மா!"

காலை எட்டே கால். துப்புரவுப் பெண் போட்ட அலறலில் ஆராய்ச்சிக்கூடமே அதிர்ந்தது!

செல்களை உறைய வைத்திருக்கும் சின்ன அறை. தரையில் ஒரு பெண். காயமில்லை. மூச்சுமில்லை.

பன்னிரண்டு வருடமாக அங்கே வேலை பார்த்தவள். அங்கே நுரையீரல் புற்றுநோய்க்கு மருந்து தேடும் விஞ்ஞானியின் மச்சினி.

அரை மணியில் இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்துவிட்டார்.

"எப்படி டாக்டர்?" என்று அந்த விஞ்ஞானியைக் கேட்டார்.

"டேங்க்ல நைட்ரஜன் கசிஞ்சிருக்கு மேடம். மூடின ரூம்ல அது காத்தையே விரட்டிடும். அலாரம் அடிச்சிருக்கும்... நான் மாடியில இருந்தேன், கேக்கல."

"எப்படி அடிக்கும்? ஒயரைப் பிடுங்கி வச்சிருக்கே! டேங்க் வால்வையும் யாரோ திறந்து விட்டிருக்காங்க!"

டாக்டர் வாசல் பக்கம் நகர்ந்தார். இன்ஸ்பெக்டர் குறுக்கே நின்றார்.

"இந்தக் கதவு கார்டு வச்சாத்தான் திறக்கும். அவங்களுக்கு முன்னாடி, ஏழரைக்கு உள்ள போன கார்டு உங்களோடது. ஏன் டாக்டர்... சொந்த மச்சினியை?"

அவர் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

"இருபத்திரண்டு வருஷம் மேடம்! ஒரே வகை செல்லை வளர்த்து மருந்து கண்டுபிடிச்சேன். போன வாரம் இவ மெயில் போடறா... அது நுரையீரல் செல்லே இல்லையாம், கல்லீரலாம்! எங்கேயோ கலந்துடுச்சாம்! இன்னிக்குப் பத்து மணி மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் சொல்லப்போறாளாம். ஊரே கைகொட்டிச் சிரிக்கும்... என் வாழ்க்கையே குப்பைத்தொட்டிக்குப் போயிருக்கும்!"

"நேத்து சாயங்காலம் உங்களுக்கு மூணு தடவை போன் பண்ணியிருக்காங்களே?"

"அவ நம்பரை அன்னிக்கே பிளாக் பண்ணிட்டேன்."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். இறந்தவளின் போனை நீட்டினார்.

"அனுப்பியிருக்காங்க... உங்களுக்கு வந்து சேரலை. படிங்க."

*அத்தான், ஸாரி! கலப்படம் என் பாட்டில்ல மட்டும்தான். ஃப்ரீஸர்ல இருக்கற மூல செல்களை டெஸ்ட் பண்ணிட்டேன். அத்தனையும் அசல் நுரையீரல் புற்றுநோய்! உங்க இருபத்திரண்டு வருஷமும் சரிதான். மீட்டிங்ல என் தப்பை நானே ஒத்துக்கறேன். அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, மானத்தை வாங்கிடுவா.*

டாக்டர் இரண்டாம் முறை படித்தார். வாய்விட்டு அழுதார். பாவம் என்று சொல்ல அந்த அறையில் யாருக்கும் மனம் வரவில்லை.

விலங்கு மாட்டப்பட்டது.

"செல்லுன்னா மறுபடி ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பார்த்துக்கலாம் டாக்டர்..." என்றார் இன்ஸ்பெக்டர். "கொலைக்கு அந்த வசதி கிடையாது. வண்டியில ஏறுங்க!"