எட்டு எழுத்துப் பாடம்

வாக்கியத்தின் முடிவில் அவள் வைத்தது முற்றுப்புள்ளிதான். அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது, அந்தப் புள்ளியைத் தாண்டி ஒரு 'ம' நின்றது.

அழித்தாள். அடுத்த பத்தியை அடித்து முடித்து, பிரதியின் தாளைத் திருப்பினாள். இன்னொரு 'ம'.

பதிப்பகங்கள் அனுப்பும் கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சு செய்து கொடுப்பது அவள் வேலை. பதினோரு வருடப் பழக்கம். கண் தாளில் இருக்க, விரல்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இந்த வாரம் வந்திருந்தது, ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் மாட்டுக் குளம்பு நோய்களைப் பற்றி எழுதிய முந்நூறு பக்கம். மருத்துவரின் கையெழுத்து மருத்துவர் கையெழுத்தாகவே இருந்தது. அதைப் படிப்பதே பெரும்பாடாக இருக்க, கீபோர்டும் இப்படிப் படுத்தினால் எரிச்சல் வராதா? அதைக் கவிழ்த்துத் தட்டினாள். மகள் சிட்டுவின் பிஸ்கட் தூள் மேசையெல்லாம் உதிர்ந்தது. பழைய பிரஷ்ஷால் விசைகளின் இடுக்குகளைச் சுத்தம் செய்தாள். கேபிளைக் கழற்றி வேறு துளையில் செருகினாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். அதன்பிறகு மாலைவரை ஒரு தொந்தரவும் இல்லை.

மறுநாள் மதியம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. மாடிக்கு ஓடிக் கொடியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு வந்தாள். பாதிப் படி இறங்கும்போதே, மழைச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. டக். நெடுநேரம் கழித்து, டக். எந்த விசை எங்கே இருக்கிறது என்று தேடித் தேடி அழுத்துவது போன்ற சத்தம். அவள் அறைக்குள் கால் வைத்ததும் நின்றுவிட்டது. ஈரத் துணியின் வாடை. திரையின் வெளிச்சம் மட்டும் நாற்காலியின் முதுகில் நீலமாகப் படிந்திருந்தது.

திரையில் ஒரு பக்கம் நிறைந்திருந்தது. அ இ உ, ப ம த ந. அ இ உ, ப ம த ந. கம்ப்யூட்டரில் தமிழ்த் தட்டச்சு பழக வருபவர்களுக்கு முதல் நாள் கொடுக்கும் பாடம். இடக்கை விரல்கள் நான்குக்கும் அ, இ, உ, மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளி. வலக்கை நான்குக்கும் ப, ம, த, ந. முதல் வரிகளில் எழுத்துகள் இடம் மாறிக் கிடந்தன. ஐந்தாறு வரிகளில் தடுமாற்றம் குறைந்தது. இருபதாவது வரியில் ஒரு பிழைகூட இல்லை. பக்கத்தின் அடியில் தனியாக ஒரு சொல்: 'குலம்பு'. அதற்குக் கீழே, திருத்தி எழுதியதுபோல, 'குளம்பு'.

அவள் துணி மூட்டையை இறக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

"வைரஸா இருக்கும்" என்றார் கணவர் அன்றிரவு, சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டே. லிஃப்ட் மெக்கானிக். எந்த இயந்திரம் எப்படி முரண்டு பிடித்தாலும் அவருக்கு அது ஆச்சரியமில்லை. "நேத்தே கீபோர்டு படுத்துதுன்னியே, ஆபீஸ்ல புதுசு ஒண்ணு சும்மா கிடந்துச்சு. இந்தா, கொண்டு வந்திருக்கேன். அப்பவும் சரியாகலேன்னா உன் தம்பியக் கேளு."

காலையில் அவர் வேலைக்கும் சிட்டு பள்ளிக்கும் போனபின், புதிய கீபோர்டின் உறையைக் கிழித்தாள். பிளாஸ்டிக் வாடை மாறாதது. வேறு யார் கையும் படாதது. பத்து மணிக்குள் அதிலும் 'ம' விழுந்தது. இம்முறை அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

தம்பி வேறு ஊரில், தன் மேசையில் இருந்தபடியே ஊரார் கம்ப்யூட்டர்களைச் சரிசெய்து கொடுக்கும் வேலையில் இருந்தான். போனில் பேசிக்கொண்டே அவள் திரையைத் தன் திரையில் திறந்துகொண்டான்.

"நீ சாப்பிடறதுல பாதிய கீபோர்டுக்குத்தான் ஊட்டறே, அப்புறம் அது பேசாம என்ன பண்ணும்?"

"இது புதுசுடா. இன்னிக்குத்தான் பிரிச்சேன்."

"சரி சரி, அழாத. ஒரு டெஸ்ட் பண்ணலாம்."

திரையில் ஒரு கீபோர்டின் படம் விரிந்தது. அழுத்தும் விசை பச்சையாக ஒளிரும், விட்டால் அணையும் என்றான். அவள் ஒவ்வொன்றாக அழுத்தினாள். எல்லாம் ஒழுங்காக எரிந்து அணைந்தன.

"எல்லாம் நல்லாத்தானே இருக்கு. இப்ப கைய எடு, சும்மா விட்டுப் பார்ப்போம்."

கையை மடியில் வைத்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரம் நடந்துகொண்டிருந்தது. வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு விசை பச்சையானது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல், இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் நான்கு.

"அக்கா, கைய எடுன்னு சொன்னேன்ல."

"எடுத்துட்டேன்டா."

"விளையாடாத. எட்டு கீ அழுத்தி இருக்கு. விரல் வைக்கிற இடத்துல வரிசையா. டைப்பிங் தெரிஞ்சவங்க கை வச்சிருக்க மாதிரி இருக்கு."

அவள் படத்திலிருந்து பார்வையை இறக்கி, மேசையில் இருந்த கீபோர்டைப் பார்த்தாள். அந்த எட்டு விசைகளும் உள்வாங்கிக் கிடந்தன.

"அக்கா." அவன் குரல் இறங்கியிருந்தது. "வீட்ல வேற யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"கேபிளைப் பிடுங்கு."

பிடுங்கினாள். திரையில் பச்சை அணைந்தது.

"அவ்வளவுதான். கீபோர்டுதான் கோளாறு" என்று மூச்சு விட்டான் தம்பி.

"இன்னும் அழுத்தித்தான் இருக்குடா."

"உள்ள ரப்பர் போயிருக்கும்."

கேபிள் தரையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு விசையின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினாள். ஏறவில்லை. மேலிருந்து ஏதோ கனத்தது. விசை இளஞ்சூடாக இருந்தது. நகத்தை இன்னும் ஆழமாகக் கொடுத்தாள். சட்டென்று எட்டும் ஒன்றாக எழும்பின. ஒரே ஒரு சத்தம். யாரோ இரண்டு கையையும் தூக்கிக்கொண்ட சத்தம்.

தூக்கி, எங்கே வைத்தார்கள்?

தம்பி நாளைக்கு வேறு கீபோர்டு அனுப்புவதாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். போனை வைத்தாள். இரண்டு கீபோர்டுகளையும் ஒரு பையில் போட்டு முடிச்சிட்டு, தெருமுனைக் குப்பைத் தொட்டிவரை நடந்துபோய் எறிந்துவிட்டு வந்தாள். பிறகு மேசை இருந்த அறையின் கதவைச் சாத்தி வெளியே தாழ்போட்டாள். வீடு முழுக்க விளக்கு போட்டாள். பட்டப்பகலில் விளக்கு எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்றரைக்குப் பள்ளி வேன் வந்தது. சிட்டு பையை வீசினாள், பாலைப் பாதி குடித்தாள், தூக்கம் வருகிறது என்றாள். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் படுக்கையில் குப்புற விழுந்தாள். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்தாள். குழந்தையின் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே வானம் கறுத்து இறங்கியது. அவளுக்கும் கண் செருகியது.

"அ."

விழித்தாள்.

சிட்டு தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். கன்னம் தலையணையில் அமுங்கியிருந்தது. வாய் மட்டும் லேசாகத் திறந்திருந்தது.

"இ" என்றது அந்த வாய்.

"என்னடா செல்லம், கனவா?"

"உ."

சட்டையின் முதுகில் ஒரு குழி விழுந்தது. விரல்நுனி அளவுக்கு. முதலில் துணியின் சுருக்கம் என்று நினைத்தாள். அப்புறம் எண்ணினாள். முதுகெலும்புக்கு இடப்பக்கம் நான்கு குழிகள். வலப்பக்கம் நான்கு.

நான்காவது குழி ஆழமானது. குழந்தையின் வாய் ஓசையில்லாமல் மூடிக்கொண்டது. புள்ளிக்கு ஏது ஓசை?

"ப."

"சிட்டு! எழுந்திரு! சிட்டு!"

உலுக்கினாள். கண் திறக்கவில்லை. தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. மேலே கனம். அதே கனம்.

"ம… த… ந."

கொஞ்சம் இடைவெளி. மறுபடி முதலிலிருந்து. அ. இ. உ. தடுமாறாமல். சற்று வேகமாக. குழந்தையின் உதடுகள் இடையில் மூச்சு வாங்க நேரமில்லாமல் திறந்து திறந்து மூடின. முகம் வெளிறிக்கொண்டு வந்தது.

அவள் அந்தக் குழிகளின்மேல் கையால் அடித்தாள். துழாவினாள். மேலே ஒன்றுமே இல்லை. வெறும் காற்று. கடைசியில் வேறு வழி தெரியாமல் மகளின் முதுகின்மேல் அப்படியே கவிழ்ந்து படுத்தாள். இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். முழுக்க மூடினாள்.

அவளுக்கு அடியில் குழந்தை நீளமாக ஒரு மூச்சை இழுத்தது. அழ ஆரம்பித்தது. சாதாரண அழுகை.

"அம்மா, விடும்மா, வலிக்குது!"

சொல்ல வாயெடுத்தாள். ஒன்றுமில்லை கண்ணு, அம்மா இருக்கேன் என்று சொல்லத்தான்.

அவள் முதுகில், ரவிக்கைத் துணிக்கு மேல், இளஞ்சூடாக எட்டு விரல்நுனிகள் வந்து அமர்ந்தன.

"அ" என்றாள் அவள்.