ஆறு டிகிரி சாய்வு

காலை ஏழு பத்து. மாமல்லபுரத்துக்கு வடக்கே, மீனவர் குப்பத்துச் சவுக்குத் தோப்பை ஒட்டிய புது செல்போன் டவரின் அடியில், என்ஜினியர் ரோகிணி தாளை நீட்டினாள்.

வாங்கிப் படித்தவன் தீனதயாளன். டவர் ஏறுகிறவன், திருக்கழுக்குன்றத்துக்காரன். இடுப்புப் பெல்ட்டை மாட்டுவதை நிறுத்தினான்.

"ஆன்டெனா சாய்வு ரெண்டு டிகிரியா? சிக்னலு குப்பத்த தாண்டி, ஒரு கிலோமீட்டர் தள்ளி ரிசார்ட்லதான் எறங்கும் மேடம். இங்க கீறவங்க இன்னா, ஏணி போட்டுப் புடிக்கணுமா?"

"ஏறுறது உங்க வேலை. டிகிரி என் வேலை."

"அப்ப நீங்களே ஏறுங்க."

மழை வந்தது. வேனின் தூக்கிய பின்கதவுக்குக் கீழே இருவரும் ஒதுங்கினார்கள். நடுவே ஒரு முழம். அவன் இமையில் ஒரு துளி நின்றது... விழவில்லை. இவன் ஏன் இப்படிப் பார்க்கிறான்? நான் ஏன் பார்க்கிறேன்?

"இந்த ரெண்டு, நெசமா நீங்க போட்டதா?"

அவள் போட்டது ஆறு. மேனேஜர் பார்த்தசாரதி அதை அடித்து ரெண்டு என்று எழுதியிருந்தார். ரிசார்ட் பெரிய வாடிக்கையாளர். அவளும் கையெழுத்துப் போட்டிருந்தாள். இதைப் போய் இவனிடம் சொல்வதா...

"நான் போட்டதுதான்," என்றாள். மழையிலேயே குப்பத்துக்கு நடந்தாள்.

வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த ஆராயி நிமிர்ந்தாள். "டவரு ஆளா? இனிமே வூட்ல நெட்டு வரும்ல? எம்பொண்ணு நர்சு பாடம் கேக்க ரிசார்ட்டு மதிலாண்ட குந்திகினு கீது. வாட்ச்மேன் தொரத்துறான்."

ரோகிணி வேகமாக டவரடிக்குத் திரும்பினாள். தாளை வேனில் வைத்து, ரெண்டை அடித்து ஆறு என்று எழுதினாள். பக்கத்தில் முழுப் பெயர்.

"பொய் சொன்னேன். என் கணக்கு ஆறுதான். பயந்துட்டேன்."

அவன் சிரிக்கவில்லை. "மழை வுட்டதும் ஏறுறேன்."

பத்தரை மணிக்கு ஆராயியின் வாசலில் ரோகிணியின் போனில் வீடியோ நிற்காமல் ஓடியது. டவரடிக்குத் திரும்பியபோது மேனேஜர் அழைத்தார்.

"ரெண்டுதானே?"

"ஆறு சார்."

"மாத்து."

"மாட்டேன் சார்."

"அப்ப நாளையிலேர்ந்து வராதே."

"சரி சார். என் கையெழுத்து ஆறுக்குத்தான்."

தீனதயாளன் இறங்கி நின்றான். கையெல்லாம் கிரீஸ். "வேற ஆள அனுப்பி மாத்துவாங்க."

"மாத்திப் பார்க்கட்டும். குப்பம் சும்மா விடாது."

அவன் தரையைப் பார்த்தான். "நாளைக்கு வர மாட்டீங்க... அப்பறம் உங்கள எங்க பாக்கறது, ரோகிணி?"

"மேடம் எங்க போச்சு?"

"தாள்ல பேரப் பாத்தேன். மேல தனியாதான இருந்தேன்... நாலு தபா சொல்லிப் பாத்தேன்."

அவள் நனைந்த துப்பட்டாவைப் பிழிந்தாள்.  நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"கல்பாக்கத்துல எங்க வீடு. அப்பா மொதல்ல சாதி கேப்பாரு, அப்புறம் படிப்பு கேப்பாரு. ரெண்டுக்கும் நான் பதில் சொல்லிக்கறேன். ஞாயித்துக்கிழமை வர்றீங்களா?"