இறுகப் பிடித்த பலகை

“அம்மா, ஸ்பிரிங்கைக் குறைச்சா லேசாத்தானே இருக்கணும்? அப்புறம் ஏன் என் கால் இப்படி ஆடுது?”

முதுகு வலிக்காகப் பிலாட்டீஸ் உடற்பயிற்சிக் கூடத்துக்கு வந்த தாயுடன் ஒட்டிக்கொண்டு வந்த சிறுமி ஒருமுறை ஸ்பிரிங் மாட்டிய பயிற்சி இயந்திரத்தில் ஏறி நின்று கேட்டாள். தாய் போலீஸ் இன்ஸ்பெக்டர். பயிற்சி தரும் டீச்சர் சிரித்தபடி, “ஸ்பிரிங்தான் பலகையைப் பிடிச்சிருக்கு கண்ணு. அதைக் குறைச்சா உன்னை நீயே பிடிச்சுக்கணும்” என்றார்.

இன்று இன்ஸ்பெக்டர் அதே கூடத்துக்குச் சீருடையில் வந்திருந்தார்.

காலை 7.40. மூட்டு அறுவை முடிந்து நடை பழகிவந்த பஸ் டிரைவர், இயந்திரத்தின் அசையாத மேடையில் ஒரு காலும், தண்டவாளத்தில் நகரும் பலகையில் மறு காலுமாக நின்றிருக்கிறார். பலகை சட்டென்று விலகி ஓடியது. விழுந்தவருக்கு ஆறிவந்த மூட்டு மறுபடி பிசகிவிட்டது. டீச்சர் அவரை ஆம்புலன்ஸில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, அழுத கண்ணோடு திரும்பியிருந்தார்.

கூடத்தின் முதலாளி குதித்தார். “நீங்களே பாருங்க மேடம்! எல்லா ஸ்பிரிங்கையும் மாட்டித் தொலைச்சிருக்கா. அவ்வளவு பாரத்தை அந்த மனுஷன் கால் தாங்குமா? கேஸ் போடுங்க. இனி எவனும் இவளை வேலைக்கு வைக்கக் கூடாது!”

“ரெண்டுதான் மாட்டினேன் மேடம். சத்தியமா.”

“வாய் கூசாம சொல்றா பாருங்க!”

இன்ஸ்பெக்டர் பார்த்தார். நான்கு ஸ்பிரிங்குகள் கொக்கிகளில் இறுக மாட்டியிருந்தன; தேய்ந்த ஐந்தாவது கொக்கி காலியாக இருந்தது. பக்கத்து இயந்திரத்தில் ஐந்து, கழற்றியபடி கிடந்தன.

“ஆம்புலன்ஸ் போனப்புறம் இங்க யார் இருந்தா?”

“நான் மட்டும்தான். ஒண்ணையும் தொடலை” என்றார் முதலாளி.

“இந்த மிஷின்ல நீங்க ஏறியிருக்கீங்களா?”

“எனக்கெதுக்கு? நான் முதலாளி மேடம்.”

“இப்ப ஏறுங்க. டிரைவர் நின்ன மாதிரியே. பலகையைத் தள்ளுங்க.”

தள்ளினார். முகம் சிவக்கத் தள்ளினார். பலகை அசைவேனா என்றது.

“ஓடலையே சார்?” இன்ஸ்பெக்டர் கோபத்தோடு கேட்டார். “எல்லாத்தையும் மாட்டினா பலகை இறுகி நிக்கும். குறைஞ்சாத்தான் ஓடும். என் பொண்ணுக்கே தெரியும். நிறைய மாட்டினா ஆபத்துன்னு, இதுல ஒரு நாளும் ஏறாதவர்தான் நினைப்பார். இவங்க மாட்டின ரெண்டுல ஒண்ணு அறுந்துபோச்சு. அதை ஒளிச்சிட்டு, மிச்சத்தையெல்லாம் மாட்டி வெச்சிட்டீங்க.”

“இதுல... எப்பவும் நாலுதான்...”

“அப்ப அஞ்சாவது கொக்கி எப்படித் தேய்ஞ்சுது? கார் சாவியைக் குடுங்க.”

கார் டிக்கியில், துண்டில் சுற்றிய துருப்பிடித்த ஸ்பிரிங் இரண்டு துண்டாகக் கிடந்தது.

“மாத்துங்க மாத்துங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே சார்...” என்றார் டீச்சர்.

ஸ்பிரிங்கை மாற்றாதது அலட்சியம். வலியோடு வந்தவன் நம்பி உடம்பை ஒப்படைத்த இடத்தில் அவனை விழவைத்துவிட்டு, தாங்கிப் பிடித்தவள் தலையில் பழியைக் கட்டியது பாவம். அதற்கு முதலாளி என்ற பெயர் வேறு!

கான்ஸ்டபிள்கள் முதலாளியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். டீச்சர் டிரைவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

இன்ஸ்பெக்டர் கூடத்தைப் பூட்டினார். வாசல் குப்பைத்தொட்டியின் அடியில் டீச்சரின் பெயர்ப்பலகை குப்புறக் கிடந்தது. முதலாளி காலையிலேயே பிடுங்கி எறிந்திருக்கிறார். முதுகு மடங்காத அந்த மாதங்களில், பயிற்சி முடிந்ததும் மண்டியிட்டு இன்ஸ்பெக்டருக்குச் செருப்பு வாரைப் போட்டுவிட்டவர் டீச்சர்.

தெருவில் யாருமில்லை. இன்ஸ்பெக்டர் தரை தொடக் குனிந்தார். பெயர்ப்பலகையை எடுத்துச் சட்டைக் கையால் துடைத்து, வாசல் ஆணியில் நேராக மாட்டிவிட்டு நடந்தார்.