இன்னும் கொஞ்சம் வெள்ளம்

கழற்றிய வாட்டர் பம்பைக் கவிழ்த்தபோது கூலன்ட் வரவில்லை. செம்மண் கலங்கிய ஆற்றுத் தண்ணீர் வந்தது. கூடவே ஒரு நெல் நாற்று, அப்போதுதான் பிடுங்கியது போலப் பச்சையாக.

வேலாயுதன் அதை விரலில் எடுத்துப் பார்த்தான். மலையாள தேசத்து ஈஞ்சக்கல்லில் ஒர்க்‌ஷாப் போட்ட இத்தனை காலத்தில், மூடிக் கிடந்த எஞ்சினுக்குள் வயலைக் கண்டவன் இல்லை அவன். அந்த மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் எங்கோ வெள்ளத்தில் மூழ்கி, பிறகு ஏலத்துக்கு வந்த வண்டி. வாங்கிய ஜிபின் அதை ஒளிக்கவில்லை. பம்ப் ஒழுகுகிறது, எஞ்சின் கொதிக்கிறது, மாற்றித் தந்தால் போதும் என்று விட்டுப்போனான். டிரைவர் பக்கக் கதவின் உள்கைப்பிடி பிய்ந்திருப்பதை மட்டும் சொல்லவில்லை. யாரோ உயிரைக் கொடுத்து இழுத்தது மாதிரி இருந்தது அது.

கர்க்கடக மாசத்து மழை தகரக் கூரையைப் பிளந்துகொண்டிருந்த மத்தியானம். கூட வேலை செய்யும் சஜிக்குக் காய்ச்சல். அதனால், சோறு கொண்டுவந்த மனைவி ஆவுடைத்தாயை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தான் வேலாயுதன். சங்கரன்கோவில்காரி. வாக்கப்பட்டு வந்து தலை நரைத்த பிறகும் மலையாளத்தை அவள் வாசலோடு நிறுத்தி வைத்திருந்தாள்.

"சஜி என்ன செய்வான்னு சொல்லுங்க. அதையே செய்யுதேன்."

"ஆக்ஸிலேட்டரை மெள்ள மிதிச்சுக்கிட்டு சூடு காட்டுற முள்ளைப் பாரு. ஏறுச்சுன்னா அவன் 'வெள்ளம்'னு விளிப்பான், நான் ஊத்துவேன்."

"குடிக்கத் தண்ணியைப் போயி வெள்ளங்குத ஊரு! எங்க ஊர்ல வெள்ளம்னா ஆடுமாட்டை அவுத்து விட்டுட்டு மேட்டுக்கு ஓடணும். நான் தண்ணின்னுதான் சொல்லுவேன், ஆமா."

"நீ எப்படி விளிச்சாலும் ஊத்துதேன், கேட்டியா?"

சிரித்துக்கொண்டே, சாரல் அடிக்கிறதென்று கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியிலிருந்து திறந்துவிட்டால் ஆயிற்று என்று அவனும் இருந்துவிட்டான்.

புது பம்ப் பொருந்தியது. அதைச் சுழற்றும் பெல்ட்டை மாட்டினான். முதலில் வெறும் தண்ணீர் ஓடவிட்டுக் கழுவ வேண்டும். ரேடியேட்டர் வாயில் ஹோஸைச் செருகினான். தூக்கி நிறுத்திய பானெட் அவள் முகத்தை மறைத்துவிட்டது. எஞ்சின் உறுமியது, கூரை அதிர்ந்தது, ஹோஸ் களகளவென்று இறங்கிக்கொண்டே இருந்தது. சூடான ஆயில் நாற வேண்டிய இடத்தில் நனைந்த வைக்கோலும் செத்த மாடும் சேர்ந்தாற்போல் ஒரு வாடை மெல்ல எழும்பி அவன் தொண்டையில் உட்கார்ந்தது. ஒரு வாளித் தண்ணீரில் ரேடியேட்டர் நிறைந்திருக்க வேண்டும். நிறையவில்லை.

"வெள்ளம்!" என்றாள் உள்ளேயிருந்து.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடிப்பாவி, ஒருவழியாகப் படித்துக்கொண்டாளே! குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டான்.

"ஏங்க! வெள்ளம்! வெள்ளம்!"

"தாரேன்ட்டி, தாரேன்!"

அவனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், பிள்ளைகளே. நாள் முழுக்க ஒரு சொல்லை ஒரே அர்த்தத்தில் கேட்டுப் பழகிய காது அது.

குனிந்து பார்த்தான். வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு இல்லை. சிமெண்ட் காய்ந்து கிடந்தது. இத்தனை தண்ணீரும் எங்கே போகிறது?

மறுபடியும் குரல். இந்தத் தடவை அடைத்துப்போய், வாய் கொப்பளித்துக்கொண்டே பேசுவது போல.

"வெள்..."

நான் தண்ணின்னுதான் சொல்லுவேன், ஆமா.

அவள் சொன்னது வேலாயுதனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் தண்ணீர் கேட்கவில்லை.

ஹோஸை எறிந்தான். பக்கவாட்டுக்கு ஓடினான். கண்ணாடி முழுக்கச் செம்மண் நிறம். கூரை வரை. கைப்பிடியை இழுத்தான். வரவில்லை. ஸ்பேனரால் அடித்தான். கீறல்கூட விழவில்லை. சாவி உள்ளே. எஞ்சின் ஓடுகிறது. பம்ப் ஓடுகிறது. பம்பை நிறுத்தினால்?

முன்னால் ஓடினான். கத்தியை எடுத்தான். பெல்ட்டை அறுத்தான்.

அது தரையில் விழுந்து நெளிந்தது. எஞ்சினும் இருமி அடங்கியது.

பம்ப் நிற்கவில்லை. எதுவும் தொடாமல், அவன் கையாலேயே முடுக்கிய அந்தப் புத்தம்புது பம்ப், சுற்றிக்கொண்டே இருந்தது.

திரும்பி வந்து கண்ணாடியில் முகத்தை வைத்தான். "ஆவுடே!"

கலங்கலுக்குள் அவள் கூந்தல் அலைந்தது. அதில் நாற்றுகள், பச்சையாக. உதடுகள் கண்ணாடியில் ஒட்டியிருந்தன. அசைந்தன. ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு குமிழி.

அதே சொல்.

குமிழிகள் நின்றன. உதடுகள் நிற்கவில்லை.