திறப்பு விழாவுக்குக் காத்திருந்த கதவு

டைட்டன் குடியிருப்பில் பல் துலக்கியதும் முழங்காலுக்குக் கிரீஸ் வைத்துக்கொள்வார்கள். வெளிவேலைக்குப் போகிற எல்லோருக்கும் அங்கே உலோக மூட்டுகள்தான். சனிக்கோளைச் சுற்றும் அந்த நிலவில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே நூற்றெண்பது டிகிரி. அதற்கென்றே செய்த கிரீஸ் என்றாலும் சோம்பேறிக் குணம் அதை விடவில்லை. அசைத்துக்கொண்டே இருந்தால் இளகும்; சும்மா விட்டால் கல்லாகிவிடும். காலை மடக்கி நீட்டாதவனுக்குப் பெண் கொடுக்காதே என்பது அந்த ஊர்ப் பழமொழி.

கதவுக்கும் அதே விதிதான். கதவுகளை இயக்கும் சகாயராணிக்கு இது நன்றாகவே தெரியும். வடக்குக் கதவு ஓயாமல் திறந்து மூடியதால் வெண்ணெயாக நகர்ந்தது. தெற்கே கட்டிய புதுக் கதவோ, வேலை முடிந்து மாதக்கணக்காகியும் சிவப்பு ரிப்பனோடு கிடந்தது. பூமியிலிருக்கும் மந்திரி, இங்குள்ள எந்திரக் கை வழியாக அதை வெட்டித் திறந்துவைக்க வேண்டும். அவருக்குத் தேதி ஒத்துவரவில்லை. தினம் ஒரு தடவையாவது கதவை ஓட்டிப் பார்க்கலாமே என்று ராணி கேட்டபோது ஆணையர் நமச்சிவாயம் பதறிவிட்டார்.

"திறப்பு விழா நடக்காத கதவை எப்படிம்மா திறக்கிறது?"

ஒருநாள் பனிப்பாறை சரிந்து வடக்குக் கதவு அடைபட்டது. மீத்தேன் ஏற்றப் போன அவள் கணவன் அருளப்பன் வெளியே மாட்டிக்கொண்டான். தெற்குக் கதவுக்கு வந்து நின்ற வண்டியில் அரைமணி நேரத்துக்குத்தான் காற்று. ஆணையர் பூமிக்கு அனுமதி கேட்டுச் செய்தி அனுப்பினார். அது போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். ராணி நேராகப் போய் ரிப்பனைப் பிய்த்தெறிந்தாள். ஆணையர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார், எதையும் பார்க்கவில்லையாம்.

மோட்டார் முனகியது, கதவு அசையவில்லை. முரட்டுத்தனமாக ஓட்டினால் பற்சக்கரம் உடைந்துவிடும். கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று விசையைத் தள்ளித் தள்ளி இழுத்தாள். மயிரிழைதான் நகர்ந்தது. இறுகிய கிரீஸ் பிடியை விடுவதாக இல்லை.

"ராணி, தூக்கமா வருது," என்றது வானொலி.

"தூங்காதீங்க. என்னையத் திட்டுங்க, எதையாவது பேசிக்கிட்டே இருங்க."

முதலில் அவள் வைக்கும் குழம்பைத் திட்டினான்; பிறகு மாமனாரை. மாமனாரைத் திட்டி முடிப்பதற்குள் குரல் நின்றுபோனது. அவள் விசையை விடவில்லை. முன்னே, பின்னே, முன்னே. விரல் அளவு நகர்ந்தது, பிறகு முழம். கிரீஸ் ஒருவழியாக இளகிக் கதவு சரேலென விலக, காத்திருந்த வண்டி தானாகவே உள்ளே உருண்டு வந்தது. முகமூடியில் காற்றைக் கொடுத்ததும் அருளப்பன் கண் திறந்தான். ராணி அவன் மார்பில் இரண்டு அடி வைத்துவிட்டு ஓவென்று அழுதாள்.

அவன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது பூமியிலிருந்து பதில் வந்தது. ஆணையர் முகமெல்லாம் பல்லாக ஓடி வந்தார். ஆபத்தைக் கேட்டு மந்திரி உருகிப்போனாராம். மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு நாளைக்கே கதவைத் திறந்து ஓர் உயிரைக் காப்பாற்றப்போகிறாராம். கதவை மூடி வேறு ரிப்பன் கட்டியாயிற்று.

அருளப்பனைப் பார்த்து அவர் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, காலையில வண்டியோட கொஞ்சம் வெளிய போய் நின்னுக்கங்க. மந்திரி ரிப்பன் வெட்டினதுக்கு அப்புறம்தான் நீங்க பிழைக்கணும்."